வலப்பக்கத்து வார்

குதிரை என்றால் நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான். ராஜா, வேகம், ரேஸ், கம்பீரம். போன வாரம் திலக் நகரில் கல்யாண ஊர்வலம் ஒன்று நம் பஸ்ஸை மறித்து நின்றபோதும் ஆளுக்கொன்று சொல்லிச் சிரித்தீர்கள். நான் மட்டும் சீட்டில் இருப்புக்கொள்ளாமல் எழுந்து ஜன்னல் பக்கம் எக்கினேன். "என்ன, இங்கேயே இறங்கப் போறியா?" என்று கேட்டீர்கள். இறங்குவதற்காக எழவில்லை. குதிரைமேல் இருந்த பையனின் கைகளைப் பார்க்க எழுந்தேன். லகான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஏன் என்று கேட்டீர்கள். பஸ் இரைச்சலில் கத்திச் சொல்லக்கூடிய விஷயமா அது? இப்போது எழுதிவிடுகிறேன். எனக்கு எதையும் ஆற அமரச் சொல்ல வராது, தெரியும்தானே. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாராவியில் என் வாப்பா தோல் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்கு மேலே மரப்படி ஏறினால் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை. படி ஏறும்போதே தோல் வாடையும் பசை வாடையும் கூடவே ஏறி வரும். சோற்றிலும் அந்த வாடைதான், தலையணையிலும் அந்த வாடைதான். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை மூக்கைப் பொத்தினால் நான் அவள் சடையைப் பிடித்து இழுப்பேன். எனக்குக் கோபம் அப்போதே மூக்குநுனியில்.

பெல்ட், பை, பர்ஸ் எல்லாம் தைத்துக்கொண்டிருந்த பட்டறைக்குக் கடிவாளம் எப்படி வந்தது என்றால், தாராவியில் எல்லாத் தொழிலும் வருகிற மாதிரிதான் வந்தது. யாராவது ஒரு பழைய மாதிரியைக் கொண்டுவந்து காட்டுவார்கள். "இது என்ன பெரிய வித்தை, இதைவிட நல்லதாச் செய்து தாரேன்" என்பார்கள் நம்ம ஆட்கள். செய்தும் கொடுப்பார்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு குதிரைக்காரர் இருந்தார். வெள்ளைப் பெட்டைக்குதிரை ஒன்றை வைத்துக் கல்யாணங்களுக்கு ஓட்டுவார். அவர் கொண்டுவந்த அறுந்த கடிவாளத்தைப் பார்த்துத்தான் வாப்பா முதல் ஜோடியைத் தைத்தார். அதன் பிறகு தாதரிலிருந்து, குர்லாவிலிருந்து எல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் குதிரைமேல் ஏறியதில்லை. வாப்பா திருநெல்வேலிச் சீமையில் பார்த்தது மாடும் ஆடும்தான். குதிரைக்காரர் குதிரையோடு வந்தால் வாப்பா பட்டறைக்கு உள்ளே நின்றபடியே பேசுவார். பயம்! அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

லகான் என்பது என்ன, கேளுங்கள். குதிரையின் வாயில் இரும்பு இருக்கும். அதன் இரு முனையிலும் ஒவ்வொரு வார். இடது வாரைத் தொட்டால் இடப்பக்கம் திரும்பும், வலதைத் தொட்டால் வலப்பக்கம். இரண்டையும் சேர்த்து இழுத்தால் நிற்கும், தளர்த்தினால் நடக்கும். குதிரைக்காரர் விரலால் தட்டிக் காட்டுவார், அவருடைய குதிரை புரிந்துகொள்ளும். கல்யாண மாப்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எந்த இடத்தில் பிடிப்பது என்றே தெரியாமல் முழிப்பார்கள். அதற்கு வாப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு வாரிலும் கை வைக்க வேண்டிய இடத்தில் சிவப்பு வெல்வெட் சுற்றி, ஜரிகைக் குஞ்சம் வைத்துத் தைத்தார். மாப்பிள்ளை அந்த வெல்வெட்டைப் பிடித்தால் போதும், போட்டோவில் மகாராஜா. வெல்வெட் தைப்பது என் லாத்தாவின் வேலை. கூடப் பிறந்தவள், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவாள், ஒரு சொல்லும் குழறாது.

மிஞ்சிய வார்த் துண்டுகள் எங்களுக்கு விளையாட்டுச் சாமான். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி இருந்தாள், லாத்தாவின் சிநேகிதி, எங்கள் ஊர்ப்பக்கத்து இந்துக் குடும்பம். அப்பா இல்லாத பெண். மாட்டுங்காவில் ஒரு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாலையில் வந்ததும் என் கக்கத்தில் வாரைச் சுற்றிவிட்டு என்னைக் குதிரையாக ஓட்டுவாள். மற்ற பிள்ளைகள் ஓட்டினால் இழுத்த இழுப்பில் தோள்பட்டை கன்றிப்போகும். அக்கா இழுக்கவே மாட்டாள். வாரைக் கொஞ்சம் அசைப்பாள், நான் தானாகவே திரும்புவேன். தண்ணீர்க்குழாய், ரேஷன் கடை, மசூதி முனை என்று சுற்றி வருவோம். அவளைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று கேட்ட அன்றைக்கு நான் சோறு தின்ன மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அப்படி ஒரு பிரியம்.

மாப்பிள்ளை செம்பூர். அவன் அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை, பையன் ஆபீஸில் வேலை. ஆவணியில் முகூர்த்தம். ஊர்ப்பக்கம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வைப்பார்கள். பம்பாய்க்கு வந்த நம் ஜனங்களுக்கு இங்கத்தியவர்களைப் பார்த்துக் குதிரை ஆசை பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் குதிரைதான் வேண்டும் என்றார்கள். குதிரைக்காரரைப் பேசிவிட்டது வாப்பாதான். "நம்ம புள்ள கல்யாணம்" என்று சொல்லிப் புது லகான் ஒரு ஜோடி தானே வெட்டினார், லாத்தா வெல்வெட் சுற்றினாள்.

அந்த வருஷம் ஆவணியிலும் மழை விடவில்லை. குதிரைக்காரர் புது லகானைக் கையோடு வாங்கிப்போய் மாட்டியதில், அது கல்யாணத்துக்கு முன்பே இரண்டு மூன்று ஊர்வலங்களில் நனைந்துவிட்டது. அதை யார் கவனித்தார்கள்?

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் மண்டபத்து மாடி ஜன்னலில் அக்காவும் லாத்தாவும் நானும் நின்றோம். பிள்ளையார் கோயிலிலிருந்து பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் வந்தது. தூறல். அக்கா எட்டி எட்டிப் பார்ப்பதும், பார்க்காதவள் மாதிரி சடை நுனியைக் கடிப்பதுமாக இருந்தாள். லாத்தா அவள் இடுப்பில் குத்தி, "நல்லாப் பாருட்டி, நாளைக்கு அவுக குதிரயில வர மாட்டாக" என்றாள்.

வழக்கமாகக் குதிரைக்காரர்தான் குதிரையின் முகத்துப் பக்கம் கயிறு பிடித்து நடத்திக்கொண்டு வருவார். மண்டபம் நெருங்கியதும் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள், "கயித்த அவுத்துருங்க பாய், போட்டோல அசிங்கமா இருக்கு" என்று அவரை ஒதுங்கச் சொன்னார்கள். அவர் தயங்கிக்கொண்டே கயிற்றை அவிழ்த்துவிட்டு நகர்ந்தார். மாப்பிள்ளை இரண்டு வெல்வெட்டையும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தான். விளக்கு பளிச்சிட்டது. அவ்வளவுதான், குதிரை இடப்பக்கம் திரும்பி வந்த வழியைப் பார்த்து நின்றது.

எல்லோரும் சிரித்தார்கள். குதிரைக்காரர் ஓடிவந்து முகத்தைப் பிடித்துத் திருப்பிவிட்டார். மாப்பிள்ளை மறுபடி நிமிர்ந்தான், குதிரை மறுபடி இடப்பக்கம் திரும்பியது. பயத்தில் அவன் இன்னும் இறுக்கினான். இறுக்க இறுக்க அது சுற்றியது. "லகாம் டீலா சோடோ! டீலா!" என்று குதிரைக்காரர் கத்தினார். தளர்த்து என்று அர்த்தம். பேண்டு சத்தத்தில் கேட்கவில்லையோ, கேட்டும் கை விடவில்லையோ. குதிரையின் பின்பக்கம் மண்டப வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை மோதிச் சாய்த்தது. யாரோ ஒரு பொம்பிளை, "வாசலுக்கு வரமாட்டேங்குதே, வாயில்லா ஜீவனுக்குத் தெரியும்பாக" என்றாள். அதோடு சிரிப்பு நின்றுபோனது.

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தாள். மகனை இறங்கச் சொன்னாள். இறங்கினான். ஒரு தடவை நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள். பிறகு அம்மா பின்னாலேயே டாக்ஸிக்கு நடந்துவிட்டான். "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று அவன் அப்பா போகிற போக்கில் சொன்னார். கல்யாண வீட்டில் நின்று யோசிக்கவா முடியும்? அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டாக்ஸியின்மேல் கல்லெறிந்திருப்பேன். லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முகூர்த்தம் நடக்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் தெருவே ஒரு நிலையில் இல்லை. குழாயடியில் பெண்கள் குசுகுசு என்று பேசுவார்கள், அக்கா குடத்தோடு வந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். அவளை ராசியில்லாதவள் என்று ஒருத்தி வாய் கூசாமல் சொன்னாள். குதிரைக்கு ஷைத்தான் பிடித்திருக்கிறது என்றார்கள் இன்னும் சிலர். பாவம், அந்தக் குதிரைக்காரர் குதிரையின் கழுத்தில் எலுமிச்சம்பழமும் நீலமணியும் கட்டிவிட்டுக் கொட்டகையிலேயே கிடந்தார். ஒருவரும் குதிரை கேட்டு வரவில்லை. உம்மா அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறந்து போவாள். நான் படியில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன்.

சேறு படிந்த லகானைத் துடைத்துத் தரச் சொல்லிக் குதிரைக்காரர் பட்டறையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். லாத்தா அதைக் கழுவி, இரண்டு வாரையும் நடுவில் இணைக்கிற பக்கிளை ஆணியில் மாட்டித் தொங்கவிட்டாள். மாட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏட்டி, இங்க வா" என்று கூப்பிட்டாள். வெல்வெட் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன. அதற்குக் கீழே, குதிரையின் வாய்க்குப் போகிற நுனிகள் சமமாக இல்லை. வலப்பக்கத்து வார் நாலு விரல் கூடுதலாகத் தொங்கியது.

எனக்கே புரிந்துவிட்டது. வெல்வெட்டைச் சமமாகப் பிடித்தால் வலது வார் தொளதொள என்று கிடக்கும், இடது வார் மட்டும் இழுபடும். இழுத்த பக்கம் குதிரை திரும்பியது. அது தப்பே செய்யவில்லை.

லாத்தா வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாப்பா வாரைத் தடவினார், மடக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார். முகம் கறுத்துப்போனது. தோலில் முதுகுப் பக்கம் நீளாது, வயிற்றுப் பக்கம் நனைந்து இழுபட்டால் நீளும். பட்டறையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அன்றைக்குத் தோல் பற்றாமல், ஒரு வாரை முதுகிலும் மற்றதை வயிற்றோரத்திலும் வெட்டியிருக்கிறார். பைக்கும் பெல்ட்டுக்கும் அப்படி வெட்டினால் ஒன்றும் ஆகாது. குதிரையையே கிட்டே போய்ப் பார்க்காத மனிதருக்கு, லகானின் இரண்டு வாரும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தோன்றவில்லை.

"நீ ஒண்ணும் பாக்கல" என்றார் லாத்தாவிடம்.

"பாத்துட்டேன் வாப்பா."

"வாய மூடு. ஊரெல்லாம் ஓட்டுத கல்யாணக் குதிரைக்கு நம்ம பட்டறைதான் இனி லகான் குடுக்கணும்னு ஒருத்தர் பேசிட்டு இருக்காரு. வார் கோணல்னு தெரிஞ்சா நம்மகிட்ட ஒரு பெல்ட்டுகூட எவனும் வாங்க மாட்டான்."

"அங்க ஒருத்திய ராசியில்லாதவன்னு சொல்லுதாங்களே, அது ஒங்களுக்குக் காதுல விழலியா?"

வாப்பா கை ஓங்கினார், அடிக்கவில்லை. லகானைச் சுருட்டி மேலே பலகையில் தூக்கிப் போட்டார். லாத்தா அன்றிலிருந்து ஊசியைத் தொடவில்லை. உம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நான் அந்தப் பலகையைப் பார்ப்பதும் வாப்பாவைப் பார்ப்பதுமாக இருந்தேன். அவர் ஒரு தோலை எடுப்பார், வைப்பார், வெளியே போவார், வருவார். தொழுகைக்குப் போய்விட்டு வந்தும் அதே கதைதான்.

இதற்கு நடுவில் அக்காவின் அம்மா பட்டறை வாசலில் வந்து நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணாச்சி, எங்களுக்கு ஆம்பளத் தொணை யாரு இருக்கா? நீங்க செம்பூருக்குப் போய் ஒரு வார்த்த பேசுங்க. ஒங்க வாக்குன்னா மதிப்பாக" என்றாள். படியில் உட்கார்ந்திருந்த லாத்தா எழுந்து நின்றாள். வாப்பா எங்கள் இருவரையும் பார்த்தார். "போய்ட்டு வாரேன் தங்கச்சி" என்றார்.

லகானை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார். பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் சண்டைக்கு வந்தவன் என்று யாரும் நினைக்க மாட்டார்கள் என்று என்னையும் கூட்டிப் போனார். பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு கால் ஆட்டிக்கொண்டே வந்தார்.

மாப்பிள்ளை வீட்டு ஹாலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வாப்பாவுக்கு வளைத்துப் பேச வராது. லகானை எடுத்தார். "தம்பி, அன்னைக்குப் பிடிச்ச மாதிரியே இதப் பிடிங்க" என்று வெல்வெட் இரண்டையும் மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். பிறகு அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, வார் நுனிகளை இரண்டு கன்னத்தோடும் வைத்துப் பிடித்துக்கொண்டார். "இழுங்க" என்றார். அவன் இழுத்தான். வாப்பாவின் இடது கை பின்னால் போனது, தலையும் கூடவே திரும்பியது. வலது கை அசையவே இல்லை.

தெருவில் பெரிய மனிதர் என்று பேர் வாங்கியவர், அத்தனை பேர் நடுவில் குதிரையாக நின்றார். யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். எனக்கு அழுகை முட்டியது. அதைவிடப் பெருமையும் முட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு மாதிரி வாப்பாவை நான் என்றைக்கும் நேசித்ததில்லை.

"தப்பு என் கையோட தப்பு. அந்தப் புள்ளமேல ஒண்ணும் இல்ல" என்றார் வாப்பா.

மாப்பிள்ளையின் அம்மா, "அப்பச் சகுனம் இல்லியா?" என்று நீளமாக மூச்சுவிட்டாள். அப்பா காலண்டரைப் பார்க்க எழுந்தார். மாப்பிள்ளை வெல்வெட்டைத் தடவிக்கொண்டே சிரித்தான். "எனக்கு அப்பவே தெரியும் பாய், குதிரைலதான் ஏதோ கோளாறுன்னு" என்றான். எங்களுக்குக் காபி வந்தது.

திரும்பி வரும்போது வாப்பா என்னிடம் வாய் ஓயாமல் பேசினார். ஐப்பசியில் நல்ல நாள் இருக்கிறதாம், குதிரையே வேண்டாமாம், கார் வைத்துக்கொள்வார்களாம். பட்டறையின் பேர் இனி என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்தது? பின்னால் அந்தப் பெரிய வேலை கையைவிட்டுப் போகத்தான் செய்தது. கடிவாளம் கேட்டு வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். ஆனால் அன்று சாயங்காலம் அவர் நடந்த நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை, ஓடிக்கொண்டே வந்தேன்.

நேரே அக்காவின் வீட்டுக்குத்தான் போனோம். லாத்தாவும் பின்னாலேயே ஓடிவந்தாள். குழாயடிப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் காதிலும் விழட்டும் என்றே வாப்பா சத்தமாக எல்லாவற்றையும் சொன்னார், வாரைத் தூக்கிக் காட்டினார். அக்காவின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். ஒருத்தி, "குதிரைய அநியாயமாத் திட்டினோமே" என்றாள். அக்காவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா சுவரோரம் நின்றாள். கழுத்தில் ஒன்றும் இல்லை, தலையில் பூ இல்லை, டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போகிற அதே சாயம்போன சேலை.

"மாப்பிள்ளையே சொன்னாரு தாயீ. குதிரைலதான் கோளாறுன்னு அவருக்கு அப்பவே தெரியுமாம்" என்றார் வாப்பா, அவளுக்கு அதைவிடச் சந்தோஷம் எதுவும் இருக்காது என்கிற மாதிரி.

"அப்பவே தெரியுமாமா?"

"ஆமாங்கேன்."

அக்கா வாப்பாவின் கையிலிருந்த வாரைப் பார்த்தாள். "குதிர திரும்புனதுக்கு வார் காரணம். சரி மாமா. எல்லாம் தெரிஞ்சும் அவுக எறங்கித் திரும்பிப் போனாகளே, அதுக்கு என்ன காரணம்?"

"வாய மூடுட்டி, சண்டாளி!" என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வாசலில் ஒரே சத்தம். வாப்பா மட்டும் அசையாமல் நின்றார். எதையோ கணக்குத் தப்பவிட்டவர் மாதிரி லகானை மெல்லச் சுருட்டினார். பிறகு சொன்னார்:

"ஒங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருக்கணும், தாயீ."

"இப்பக் கேளுங்க மாமா."

வாப்பா அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்: "அந்த மாப்பிள்ள ஒனக்கு வேணுமா, வேண்டாமா?"

"வேண்டாம்" என்றாள் அக்கா.